உர மூட்டையின் எடையும் பயிர் உண்ணும் எடையும்

நமது குடியானவர்கள் நெல்லை நிறுத்து விற்கவும், விதையை ஏக்கருக்கு இத்தனை கிலோ என்று கணக்கிட்டு விதைக்கவும் நன்கு அறிந்தவர்கள். ஆயினும் இரசாயன உரம் என்று வந்தவுடன், அவர்களிற் பெரும்பாலோர் மூட்டையை எண்ணுகிறார்களேயன்றி, அம்மூட்டையில் பயிருக்கு உணவாகும் பொருள் எவ்வளவு என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை. இதனால் விளையும் நஷ்டம் சிறிதன்று.

சில ஆண்டுகளுக்கு முன் ஆற்றுப் பாசனக் கிராமம் ஒன்றில், கிச்சிலிச் சம்பா பயிரிட்டிருந்த நிலச்சுவான்தார் ஒருவர் என்னை அழைத்துத் தம் வயலைக் காட்டினார். கதிர் முற்றும் தறுவாயில் பயிர் முழுவதும் பாய் விரித்தாற்போல் சாய்ந்து கிடந்தது. நீரிற் கிடந்த கதிர்களில் முளை கட்டியிருந்தது. மற்றவற்றில் பதர் மிகுந்திருந்தது. அவர் வழக்கமாகத் தக்கைப்பூண்டை மடக்கி உழுது, பின்னர் மேலுரமாக ஏக்கருக்கு அம்மோனியம் சல்பேட் 2 மூட்டை இடுபவர். அவ்வாண்டு அவ்வுரம் கிடைக்கவில்லை; யூரியா கிடைத்தது. "இரண்டும் வெள்ளை உப்புத்தானே ஐயா? மூட்டைக்கு மூட்டை போட்டால் சரியாய்ப் போகாதா?" என்று என்னைக் கேட்டார்.

பிழை அவருடையது மட்டுமன்று. நான் முன்னர் அவருக்கு எழுதிக் கொடுத்த குறிப்பில், உரத்தின் பெயரைக் குறியாமல், "மேலுரம் உப்பு 2 மூட்டை" என்றே எழுதியிருந்தேன். எடையையும் சத்தையும் அதிற் காட்டவில்லை. அந்தக் குறிப்பை நம்பியவருக்கு அவ்வாண்டு மகசூல் பாழாயிற்று. அவர் கேட்ட கேள்விக்கு உரிய விடையை இங்கே முறையாக எழுதுகிறேன். கூட்டல், பெருக்கல், வகுத்தல் அறிந்த எவரும் இக்கணக்கைச் செய்யலாம்.

சுண்ணாம்புக் காளவாய் கற்பிக்கும் பாடம்

இரசாயனக் கணக்கின் முதல் விதி, பொருள் அழிவதில்லை என்பதே. பிரெஞ்சு தேசத்து லவாசியே 1789-ல் வெளியிட்ட தமது நூலில் இதனைத் தெளிவாக நிலைநாட்டினார். பொருள்கள் ஒன்றோடொன்று கூடும்போது குறிப்பிட்ட எடை விகிதத்திலேயே கூடுகின்றன என்பதை ஜெர்மனியைச் சேர்ந்த ரிக்டர் 1792 முதல் ஆராய்ந்து எழுதினார். இவ்விரண்டையும் நம் ஊர்ச் சுண்ணாம்புக் காளவாயிலேயே காணலாம்.

கலப்பற்ற சுண்ணாம்புக்கல் 100 கிலோவைக் காளவாயில் இட்டு நன்றாகச் சுட்டால், கிடைக்கும் சுட்ட சுண்ணாம்பு 56 கிலோவேயாகும். மீதி 44 கிலோ எங்கே போயிற்று? கரியமில வாயுவாகிப் புகையோடு வெளியேறிற்று. அந்த 56 கிலோவின்மேல் நீர் தெளித்தால், அது 18 கிலோ நீரைத் தன்னுள் ஏற்றுக்கொண்டு 74 கிலோ நீற்றுச் சுண்ணாம்பாகும். அதனை நெடுநாள் காற்றுப்பட வைத்தால், காற்றிலுள்ள கரியமில வாயு 44 கிலோவைச் சேர்த்துக்கொண்டு, 18 கிலோ நீரை வெளிவிட்டு, மறுபடியும் 100 கிலோ சுண்ணாம்புக்கல்லின் தன்மையை அடைந்துவிடும்.

கல் பாதியளவு சுட்டால் 50 கிலோவுக்கு 28 கிலோ. இருமடங்கு சுட்டால் 200 கிலோவுக்கு 112 கிலோ. விகிதம் மாறுவதில்லை. இந்த 100, 56, 44, 18 என்னும் எண்கள் எங்கிருந்து வந்தன என்பதை அறிந்துகொண்டால், உரக்கணக்கு முழுவதும் கைவந்துவிடும்.

எண்ணுவதற்குப் பதில் நிறுத்தல்

விதை நெல்லை ஒவ்வொன்றாக எண்ணி விதைப்பார் எவருமில்லை. ஆயினும் எத்தனை விதை விழுகிறது என்பதை அறிய ஒரு வழியுண்டு. 1,000 மணிகளின் எடையைக் கண்டுகொண்டால் போதும். ஒரு நெல் இரகத்தின் 1,000 மணி 20 கிராம் என்றும், ஓர் உளுந்து இரகத்தின் 1,000 மணி 40 கிராம் என்றும் கொள்வோம். 1 கிலோ நெல்லில் 50,000 மணி இருக்கும். 1 கிலோ உளுந்தில் 25,000 மணியே இருக்கும். இரண்டிலும் சம எண்ணிக்கை வேண்டுமானால், நெல் 1 பங்குக்கு உளுந்து 2 பங்கு நிறுக்க வேண்டும். எடை சமமானால் எண்ணிக்கை சமமன்று; எண்ணிக்கை சமமானால் எடை சமமன்று.

பொருள்களை ஆக்கும் அணுக்களுக்கும் இதுவே விதி. அணு கண்ணுக்குத் தெரியாது. எனவே எண்ணவும் முடியாது. ஆனால் ஒவ்வொரு மூலகத்தின் அணுவும் மற்றதைவிட எத்தனை மடங்கு கனம் என்பதைச் சாஸ்திரிகள் கண்டறிந்துள்ளார்கள். குடியானவருக்கு வேண்டிய அணு எடைகள், முழு எண்ணாகக் கொண்டால், இவையே:

ஹைட்ரஜன் 1, கரி 12, நைட்ரஜன் 14, பிராணவாயு 16, சோடியம் 23, பாஸ்வரம் 31, கந்தகம் 32, பொட்டாசியம் 39, கால்சியம் 40.

அணுக்கள் சில சேர்ந்தது ஒரு மூலக்கூறு. அவற்றின் எடைகளைக் கூட்டினால் மூலக்கூற்று எடை வரும். சுண்ணாம்புக்கல்லில் கால்சியம் அணு 1, கரி அணு 1, பிராணவாயு அணு 3. ஆகவே 40, 12, 48 ஆகியவற்றைக் கூட்ட 100. சுட்ட சுண்ணாம்பில் கால்சியம் 1, பிராணவாயு 1, ஆகவே 56. கரியமில வாயுவில் கரி 1, பிராணவாயு 2, ஆகவே 44. நீரில் ஹைட்ரஜன் 2, பிராணவாயு 1, ஆகவே 18. காளவாயில் கண்ட எண்கள் இவையே.

ஒரு பொருளின் மூலக்கூற்று எடையைக் கிராமில் நிறுத்தெடுத்தால், அவ்வளவுக்கு ஒரு 'மோல்' என்று பெயர். நீர் 18 கிராம் ஒரு மோல். சுண்ணாம்புக்கல் 100 கிராம் ஒரு மோல். எப்பொருளாயினும் ஒரு மோலில் உள்ள எண்ணிக்கை ஒன்றே. அஃது ஏறத்தாழ 602-க்குப் பின் 21 சைபர் இட்டால் வரும் எண்ணாகும். 2019 முதல் இவ்வெண்ணையே நிலையாக வைத்து மோலின் அளவை உலக நாடுகள் வரையறுத்துள்ளன. நாம் பன்னிரண்டை ஒரு டஜன் என்பதுபோல, இப்பேரெண்ணை ஒரு மோல் என்று கொள்ளலாம். குடியானவர் இவ்வெண்ணை மனனம் செய்யவேண்டுவதில்லை. எடை விகிதத்தைப் பிடித்துக்கொண்டால் போதும். கிராமில் சரியான விகிதம் கிலோவிலும் டன்னிலும் சரியே.

இரண்டு வெள்ளை உப்புகள்

இனி அந்த நிலச்சுவான்தாரின் கேள்விக்கு வருவோம்.

அம்மோனியம் சல்பேட்டின் மூலக்கூற்றில் நைட்ரஜன் அணு 2, ஹைட்ரஜன் 8, கந்தகம் 1, பிராணவாயு 4 உள்ளன. நைட்ரஜன் 28, ஹைட்ரஜன் 8, கந்தகம் 32, பிராணவாயு 64, ஆக 132.

யூரியாவின் மூலக்கூற்றில் கரி 1, பிராணவாயு 1, நைட்ரஜன் 2, ஹைட்ரஜன் 4 உள்ளன. கரி 12, பிராணவாயு 16, நைட்ரஜன் 28, ஹைட்ரஜன் 4; ஆக 60.

இரண்டிலும் நைட்ரஜன், அதாவது தழைச்சத்து, 28 பங்கே. ஆனால் ஒன்றில் அந்த 28 பங்கைச் சுமக்க 132 பங்கு உப்பு வேண்டியிருக்கிறது. மற்றதில் 60 பங்கே போதுமாயிருக்கிறது. ஆகவே 132 கிலோ அம்மோனியம் சல்பேட் செய்யும் வேலையைத் தழைச்சத்தளவில் 60 கிலோ யூரியா செய்யும். நூற்றுக்கு வீதம் பார்த்தால், முன்னதில் 28-ஐ 132-ஆல் வகுக்க 21.2, பின்னதில் 28-ஐ 60-ஆல் வகுக்க 46.7. கடைச்சரக்கில் சிறிது ஈரமும் கலப்பும் உண்டாதலால், மூட்டையின்மேல் முறையே 20.5 என்றும் 46 என்றும் அச்சிட்டிருப்பதைக் காணலாம்.

அவர் வழக்கமாக இட்டது 50 கிலோ மூட்டை 2, அதாவது 100 கிலோ அம்மோனியம் சல்பேட். அதிலுள்ள தழைச்சத்து 20.5 கிலோ. அவ்வாண்டு இட்டது 45 கிலோ மூட்டை 2, அதாவது 90 கிலோ யூரியா. அதிலுள்ள தழைச்சத்து 41.4 கிலோ. எடையில் 10 கிலோ குறைத்தும், சத்தில் இருமடங்கு இட்டுவிட்டார். தக்கைப்பூண்டு தந்த தழைச்சத்து வேறு. உயர்ந்து வளரும் பழைய நெல் இனம் அத்தனை ஊட்டத்தைத் தாங்காது. கரும்பச்சையாய்த் தழைத்து, தண்டு மென்மையாகி, காற்று மழைக்குச் சாய்ந்துவிட்டது. அவர் இட்டிருக்க வேண்டியது 20.5-ஐ 46-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்க வரும் 44.6 கிலோவே, அதாவது யூரியா ஒரே மூட்டை. மற்றொரு மூட்டையின் விலையும் வீண். அதனால் பயிரும் வீண்.

மறு ஆண்டு அதே கிராமத்தில் இதற்கு மாறான பிழையும் நேர்ந்தது. யூரியா 1 மூட்டை இட்டுவந்த மற்றொருவர், அது தட்டுப்பட்டபோது அம்மோனியம் சல்பேட் 1 மூட்டை இட்டார். பயிருக்குக் கிடைத்தது 20.7 கிலோவுக்குப் பதில் 10.25 கிலோவே. பயிர் வெளிறி, தூர் கட்டாமல் நின்றது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இவ்விரண்டு உரங்களும் தழைச்சத்தளவில் ஈடாகுமேயன்றி, எல்லாவற்றிலும் ஈடாகா. அம்மோனியம் சல்பேட்டில் 132-க்கு 32 பங்கு கந்தகமும் உண்டு. சாதாரண யூரியாவில் அஃது இல்லை. நிலக்கடலை, எள் முதலிய எண்ணெய்வித்துப் பயிர்களுக்குக் கந்தகம் வேண்டியதாகையால் இவ்வேறுபாட்டை மறக்கலாகாது. மேலும், கந்தகம் பூசிய யூரியா இப்போது 40 கிலோ மூட்டையாக வருகிறது. அதில் தழைச்சத்து 37 விழுக்காடே. ஆகவே யூரியா என்ற பெயர் ஒன்றாயிருப்பினும், மூட்டையின்மேல் உள்ள எண்ணைப் படித்தபின்னரே கணக்கிட வேண்டும்.

மணிச்சத்தும் சாம்பல்சத்தும் எழுதப்படும் வழக்கம்

தழைச்சத்தை நைட்ரஜனாகவே எழுதுவர். மணிச்சத்தையோ பாஸ்வரமாக எழுதாமல், பாஸ்வரம் 2 அணுவும் பிராணவாயு 5 அணுவும் சேர்ந்த பாஸ்வர ஆக்சைடாகக் கணக்கிட்டு எழுதுவது பழைய வழக்கம். அதன் எடை 62-உம் 80-உம் சேர்ந்து 142. உண்மையில் ஸூப்பர் பாஸ்பேட் மூட்டையில் அந்த ஆக்சைடு தனியாக இருப்பதில்லை. அஃது ஒரு கணக்குப் பெயரே. 16 விழுக்காடு என்று அச்சிட்ட 50 கிலோ மூட்டையில் மணிச்சத்து 8 கிலோ. அதிலுள்ள பாஸ்வரம், 8-ஐ 62-ஆல் பெருக்கி 142-ஆல் வகுக்க, சுமார் 3.5 கிலோ.

சாம்பல்சத்தும் அவ்வாறே, பொட்டாசியம் 2 அணுவும் பிராணவாயு 1 அணுவும் சேர்ந்த ஆக்சைடாக எழுதப்படுகிறது. அதன் எடை 94; அதில் பொட்டாசியம் 78. ஆகவே 60 விழுக்காடுள்ள பொட்டாஷ் உரம் 50 கிலோவில் சாம்பல்சத்து 30 கிலோ. பொட்டாசியம் சுமார் 25 கிலோ. மண் பரிசோதனைச் சீட்டிலும் உரச் சிபாரிசிலும் எந்தக் கணக்கில் எழுதியிருக்கிறது என்பதைப் பார்த்துக்கொள்ளவேண்டும். ஒன்றில் பாஸ்வரமாகவும் மற்றதில் ஆக்சைடாகவும் இருந்து, இரண்டையும் ஒன்றாக எண்ணினால், உரம் பாதிக்குக் கீழாகவோ இருமடங்குக்கு மேலாகவோ போய்விடும்.

களர் நிலமும் ஜிப்ஸமும்

இரசாயனக் கணக்கு மிகப் பெரிய பயன் தரும் இடம் களர் நிலத் திருத்தமாகும். களர் மண்ணின் துகள்களைச் சோடியம் பற்றிக்கொண்டிருக்கிறது. அதனால் மண் நனைந்தால் குழைந்து, காய்ந்தால் இறுகி, நீரும் வேரும் உட்புகாமற் போகிறது. ஜிப்ஸம் இட்டு நீர் கட்டினால், அதிலுள்ள கால்சியம் மண்ணிற் சேர்ந்து சோடியத்தைப் பெயர்த்து விடுகிறது. ஒரு கால்சியம் அணு இரண்டு சோடியம் அணுக்களின் இடத்தைப் பிடிக்கும்.

ஜிப்ஸத்தின் மூலக்கூற்று எடை: கால்சியம் 40, கந்தகம் 32, பிராணவாயு 64, அதனோடு சேர்ந்த நீர் 36, ஆக 172. இரண்டு சோடியம் அணுவின் எடை 46. ஆகவே 46 கிலோ சோடியத்தைப் பெயர்க்க 172 கிலோ ஜிப்ஸம் வேண்டும்.

உதாரணமாக, மண் பரிசோதனையில் 100 கிராம் மண்ணிலிருந்து 4 மில்லி ஈக்விவலென்ட் சோடியத்தை நீக்கவேண்டும் என்று தெரிய வந்ததாகக் கொள்வோம். சோடியத்தில் ஒரு மில்லி ஈக்விவலென்ட் என்பது 23 மில்லிகிராம். ஆகவே 100 கிராம் மண்ணுக்கு 92 மில்லிகிராம். 1 கிலோ மண்ணுக்கு 0.92 கிராம். ஓர் ஏக்கரில் 15 சென்டிமீட்டர் ஆழத்து மண் ஏறத்தாழ 9 லட்சம் கிலோ எடையுள்ளது. அதில் நீக்கவேண்டிய சோடியம் 828 கிலோ. இதனை 172-ஆல் பெருக்கி 46-ஆல் வகுக்க, ஜிப்ஸம் 3,096 கிலோ. வாங்கும் ஜிப்ஸம் 80 விழுக்காடே சுத்தமானதாயின், 3,096-ஐ 0.80-ஆல் வகுக்க, 3,870 கிலோ வேண்டும். சுத்தத்தின் வீதத்தைக் கேளாமல் வாங்குவோர் ஏக்கருக்கு முக்கால் டன்னுக்கு மேல் குறைவாக இட்டவராவர்.

கணக்கு இத்துடன் முடியவில்லை. பெயர்ந்த சோடியம் எங்கே போகிறது? அது கந்தகத்தோடும் பிராணவாயுவோடும் கூடிச் சோடியம் சல்பேட் என்னும் உப்பாகிறது. அதன் எடை 46, 32, 64 சேர்ந்து 142. ஆகவே 828 கிலோ சோடியத்துக்கு 2,556 கிலோ உப்பு அவ்வயலிலேயே உண்டாகும். ஐம்பது கிலோ மூட்டையாகக் கட்டினால் 51 மூட்டை! பொருள் அழிவதில்லை என்பதை முன்னரே கண்டோம். இந்த உப்பு நீரில் கரைந்து வடிகால் வழியே வெளியேறினாலன்றி அஃது அங்கேயே இருக்கும். வடிகால் இல்லாத நிலத்தில் ஜிப்ஸம் கொட்டிவிட்டு, "பலனில்லை" என்று கூறுவோர் இக்கணக்கைச் சிந்திப்பாராக. முதலில் வரப்பை உயர்த்தி, வடிகாலை வெட்டி, பின்னரே ஜிப்ஸத்தை இட்டு, நல்ல நீரைத் தேக்கி வடித்தல் வேண்டும்.

இவ்வளவையும் ஒரே தடவையில் இடவேண்டும் என்பதில்லை. நெல் சாகுபடிக்குப் பரிசோதனை காட்டும் தேவையில் பாதியை இட்டுத் தொடங்குவது சிபாரிசு செய்யப்பட்ட முறையாகும். களரைத் தாங்கி வளரும் திருச்சி 1 முதலிய நெல் இரகங்களும் உள்ளன. சோடியம் மண்ணைப் பற்றாமல், வெறும் உப்பு மாத்திரம் மிகுந்துள்ள உவர் நிலத்துக்கோ ஜிப்ஸம் வேண்டுவதில்லை. நல்ல நீரும் வடிகாலுமே போதும். எது களர், எது உவர் என்பதை மண் பரிசோதனையே சொல்லும்.

கணக்கின் எல்லை

மூட்டையில் எவ்வளவு சத்து உண்டு என்பதைக் கணக்குச் சொல்லும்; அதில் எவ்வளவு பயிர் உண்ணும் என்பதைச் சொல்லாது. யூரியாவை ஈரமான மண்ணின் மேற்பரப்பிலேயே விட்டுவைத்தால், ஒரு பகுதி அம்மோனியா வாயுவாகிக் காற்றில் கலந்துவிடும். வயல் மாறிமாறிக் காய்ந்தும் நனைந்தும் வந்தால் மற்றொரு பகுதி நைட்ரஜன் வாயுவாகிப் போகும். ஆகவே உரத்தைப் பிரித்திடுதல், காலமறிந்திடுதல், நீர் நிருவாகம் ஆகியவை கணக்குக்கு அடுத்தபடி வேண்டியவை. ஆனால் கணக்கே பிழையானால், மற்றெதைச் சரியாகச் செய்தும் பயனில்லை.

பயிற்சிக் கணக்குகள்

1. ஏக்கருக்குத் தழைச்சத்து 40 கிலோ இடவேண்டும். அடியுரமாக டி.ஏ.பி. 50 கிலோ மூட்டை 1 இட்டாயிற்று; அதில் தழைச்சத்து 18 விழுக்காடு. மீதிக்கு யூரியா எவ்வளவு? 
விடை: டி.ஏ.பி. தந்தது 9 கிலோ. மீதி 31 கிலோ. 31-ஐ 0.46-ஆல் வகுக்க 67.4 கிலோ, அதாவது 45 கிலோ மூட்டை ஒன்றரை.

2. மணிச்சத்து 20 கிலோ வேண்டும். 16 விழுக்காடு ஸூப்பர் பாஸ்பேட்டாயின் எவ்வளவு? 46 விழுக்காடு டி.ஏ.பி.யாயின் எவ்வளவு? 
விடை: முன்னது 125 கிலோ, பின்னது 43.5 கிலோ. டி.ஏ.பி. இட்டால் அதனோடு தழைச்சத்து 7.8 கிலோவும் சேருமாதலால், யூரியாவை அதற்குத் தக்கபடி குறைக்கவேண்டும்.

3. சுட்ட சுண்ணாம்பு 28 கிலோவை நீற்றினால் அஃது ஏற்கும் நீர் எவ்வளவு? கிடைக்கும் நீற்றுச் சுண்ணாம்பு எவ்வளவு? 
விடை: நீர் 9 கிலோ; நீற்றுச் சுண்ணாம்பு 37 கிலோ. நீற்றும்போது எழும் வெப்பத்தால் நீர் ஆவியாகுமாதலால், நடைமுறையில் அதிகம் தெளிக்கவேண்டியிருக்கும்.

முடிவாக, குடியானவர்கள் உரம் வாங்கும்போது மூட்டையின் எடை, உரத்தின் பெயர், சத்தின் விழுக்காடு ஆகிய மூன்றையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொள்வாராக. கிராம அதிகாரிகளும் கூட்டுறவுச் சங்கத்தாரும் குறிப்பு எழுதிக் கொடுக்கும்போது, "இத்தனை மூட்டை" என்று மட்டும் எழுதாமல், உரத்தின் பெயரையும் கிலோவையும் அதிலுள்ள சத்தையும் சேர்த்தெழுதுவாராக. நான் அவ்வாறு எழுதத் தவறிய ஒரு சீட்டினால் ஒரு வயல் சாய்ந்தது. அதன்பின் இன்றளவும், சத்துக் கணக்கைக் காட்டாமல் நான் எவருக்கும் உரச் சீட்டு எழுதுவதில்லை. அந்த நிலச்சுவான்தாரும் இப்போது மூட்டையை எண்ணுவதில்லை; முதலில் மூட்டையின்மேல் அச்சிட்டுள்ள எண்ணையே படிக்கிறார்.